தச்சர் பத்திரிகை கண்ட பீட்டர் மக்வயர்

உளியும் வாளும் கொண்டு உழைத்து வாழும் மக்கட்கு அக்கருவிகள் எத்துணை இன்றியமையாதனவோ, அத்துணை இன்றியமையாதது அவர்தம் தொழிற் செய்திகளைத் தாங்கி மாதந்தோறும் வீடு தேடி வரும் ஒரு தாள். ஓர் ஊரில் வேலை உண்டா, கூலி எவ்வளவு, அவ்வூர் ஒப்பந்தக்காரர் சொற்படி நடப்பவரா, புதிதாக வந்துள்ள பொறி எவ்வகைத்து, கடினமான கூரையொன்றுக்குக் கைமரம் எவ்வாறு அறுத்தல் வேண்டும் என்பனவற்றை ஒருவர் அறிந்து மற்றொருவர் அறியாதிருப்பின், அறியாதவர் அறிந்தவரால் மட்டுமன்றி, இருவரையும் வேலை வாங்குவோராலும் ஏமாற்றப்படுவர். இவ்வுண்மையைத் தெளிய உணர்ந்து, சிதறிக் கிடந்த தச்சரை முதலில் ஒரு பத்திரிகையால் இணைத்து, பின்னரே சங்கத்தால் இணைத்த பெரியார் ஒருவர் அமெரிக்க நாட்டில் வாழ்ந்திருந்தார். அவரே பீட்டர் ஜேம்ஸ் மக்வயர் என்பார். அவருடைய வாழ்க்கையில் நாம் போற்றிக் கொள்ளத்தக்கதும் உண்டு. அஞ்சி விலக்கத்தக்கதும் உண்டு. இரண்டனையும் ஒளியாது கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் இளமையும்

மக்வயர் 1852-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 6-ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். அவருடைய பெற்றோர் அயர்லாந்து நாட்டிலிருந்து பிழைப்பை நாடிக் குடியேறியவர். தந்தையார் ஒரு பெரிய துணிக்கடையில் சுமை தூக்கும் ஏவலராயிருந்தார். அக்காலை அமெரிக்க நாட்டில் வடபகுதியார்க்கும் தென்பகுதியார்க்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. 1863-ஆம் ஆண்டில் தந்தையார் வடபகுதிச் சேனையிற் சேர்ந்து போர்க்களஞ் சென்றார். குடும்பத்தைத் தாங்கும் பொறுப்பில் ஒரு பங்கு பதினொரு வயதுச் சிறுவராகிய பீட்டர்மேல் விழுந்தது. அவர் பள்ளியை விட்டார். தெருக்களிற் செய்தித்தாள் விற்றார், செருப்புக்கு மெருகிட்டார், கடைகளில் எடுபிடி வேலைகள் பல செய்தார். பிற்காலத்தில் ஒரு பத்திரிகைக்கு ஆசிரியராகப் போகின்றவர் இளமையில் பத்திரிகையைக் கூவி விற்றவராயிருந்தமை நினைவிற் கொள்ளத்தக்கது.

1867-ஆம் ஆண்டில் பியானோ என்னும் இசைக்கருவி செய்யும் தொழிற்சாலையொன்றில் மரவேலை பயிலும் மாணாக்கராக அமர்ந்தார். பியானோவின் உடல் முழுதும் மரப் பொருத்தே. பொருத்து மயிரிழை பிசகினும் கருவியின் ஓசை கெடும். ஆதலின் துல்லியம் என்பது யாதென அவர் கைகள் இளமையிலேயே அறிந்துகொண்டன. பகலெல்லாம் பட்டறையில் உழைத்தவர், இரவில் கூப்பர் யூனியன் என்னும் கல்விக்கழகத்தில் இலவசமாக நடைபெற்ற வகுப்புக்களுக்குச் சென்றார். பொருளியல் கற்றார், அயல்மொழி பயின்றார், மேடையேறிப் பேசவும் பழகினார். இங்ஙனம் உழைப்பாளர் கூட்டங்களிலே பழகி வந்த நாட்களில், இலண்டனிற் பிறந்து நியூயார்க்கிற் குடியேறிச் சுருட்டுச் சுற்றும் தொழில் செய்து வந்த சாமுவேல் காம்பர்ஸ் என்பாரோடு அவர்க்கு நட்புண்டாயிற்று. பின்னாளில் இவ்விருவரும் அந்நாட்டுத் தொழிலாளர் இயக்கத்தின் இரு தூண்களாயினர்.

1873-ஆம் ஆண்டில் பெரிய பொருள் நெருக்கடி நேர்ந்தது. பாங்கிகள் முறிந்தன, தொழிற்சாலைகள் மூடப்பட்டன, வேலையற்றோர் தெருக்களில் நிறைந்தனர். பொதுப்பணிகளைத் தொடங்கி ஏழைகட்கு வேலை தருமாறு நகராட்சியாரைக் கேட்டுக் கொள்வதற்காக 1874-ஆம் ஆண்டு ஜனவரி 13-ஆம் நாள் டாம்ப்கின்ஸ் சதுக்கம் என்னும் வெளியில் ஒரு கூட்டம் ஏற்பாடாயிற்று. ஏற்பாடு செய்தோரில் இருபத்தொரு வயதினராகிய மக்வயரும் ஒருவர். கூட்டத்திற்கு அளித்த அனுமதியை அதிகாரிகள் இறுதியில் விலக்கிக் கொண்டனர். அச்செய்தி கூடியிருந்த பல்லாயிரவர்க்குச் சென்று சேரவில்லை. குதிரைமீது வந்த காவலர் தடிகொண்டு மக்களை அடித்துத் துரத்தினர். ஒரு செய்தி உரிய காலத்தில் உரியவர்க்கு எட்டாமையால் வரும் கேடு எத்தகையது என்பதை அன்று அந்நகரம் கண்டது.

அக்காலத்துத் தச்சுத் தொழில்

மக்வயர் தொண்டு செய்யப் புகுந்த காலத்தில் அமெரிக்க நாட்டுத் தச்சரின் நிலைமை யாதென அறிதல் வேண்டும். அந்நாட்டு வீடுகளிற் பெரும்பாலன மரத்தாலாயவை. முற்காலத்தில் பருத்த தூண்களும் விட்டங்களும் நிறுத்தித் துளையும் கழுந்துமாகப் பொருத்தி வீடு கட்டுவர். அவ்வேலை செய்யப் பல்லாண்டு பயிற்சி வேண்டும். 1830-ஆம் ஆண்டுகளில் சிகாகோ நகரத்தை அடுத்து வேறொரு முறை தோன்றிற்று. பொறிவாளால் ஒரே அளவாக அறுத்த மெல்லிய சட்டங்களை நெருக்க நெருக்க நிறுத்தி, இரும்பாணியால் அறைந்து வீட்டை எழுப்பிவிடுதலே அம்முறை. வீடுகள் விரைந்து எழுந்தன, செலவும் குறைந்தது. ஆனால் பல்லாண்டு பயின்ற கையின் மதிப்பும் உடன் குறைந்தது.

அடுத்துக் கதவும் சன்னலும் நிலையும் நீராவிப் பொறிகளால் ஆலைகளில் செய்யப்பட்டு வந்து குவிந்தன. மாரிக்காலத்தில் வீட்டினுள் அமர்ந்து கதவும் சன்னலும் இழைத்துப் பிழைத்து வந்த தச்சர்க்கு அவ்வேலை இல்லாதொழிந்தது. இதனினும் கொடியது ஒன்றுண்டு. விற்பனைக்காக வரிசை வரிசையாக வீடு கட்டிய முதலாளிகள் ஒரு வீட்டு வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் குத்தகைக்கு விட்டனர். ஒருவன் தளப்பலகை மட்டுமே அடிப்பான்; ஒருவன் கதவு மட்டுமே மாட்டுவான்; ஒருவன் படிக்கட்டு மட்டுமே அமைப்பான். ஒவ்வொருவனுக்கும் உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. முழுத் தொழிலும் கற்ற தச்சன் நாட்கூலி கேட்டால், ஒரே துண்டு வேலையைக் கற்றவன் குறைந்த கூலிக்கு வந்து நிற்பான். இவ்வாறு தொழிலும் சிதைந்தது. தொழிலாளரும் ஒருவர்க்கொருவர் பகையாயினர்.

இரகசிய ஏடும் பகிரங்கப் பத்திரிகையும்

தச்சர்க்குள் ஒற்றுமை என்பது அந்நாட்டில் முன்பு இல்லாததன்று. பிலடெல்பியா நகரில் 1724-ஆம் ஆண்டிலேயே தலைமைத் தச்சர்கள் ஒரு கழகம் அமைத்திருந்தனர். 1774-ஆம் ஆண்டில் அமெரிக்கக் குடியேற்றங்களின் முதற் காங்கிரஸ் கூடியது அக்கழகத்தாரின் மண்டபத்திலேதான். அவர்கள் 1786-ஆம் ஆண்டில் ஒரு விலைப் புத்தகம் அச்சிட்டனர். எவ்வேலையை எவ்வாறு அளப்பது, எவ்வளவு விலை மதிப்பது என்பனவெல்லாம் படங்களோடு அதில் அடங்கியிருந்தன. ஆயின் அப்புத்தகம் கழகத்து உறுப்பினர் அல்லாதார் கண்ணிற் படலாகாது என்பது விதி. வீட்டுக்காரர்க்கும் காட்டார், தம்மிடம் கூலிக்கு உழைக்கும் தச்சர்க்கும் காட்டார். தாம் கட்டும் வீட்டின் விலை இன்னதென்று அறியாமலே கூலித்தச்சர் உழைத்தனர். 1791-ஆம் ஆண்டில் அந்நகரத்துக் கூலித்தச்சர் தம் உழைப்பு நேரத்தை நாளொன்றுக்குப் பத்து மணியாகக் குறைக்குமாறு கேட்டு வேலையை நிறுத்தினர், அம்முயற்சி பலிக்கவில்லை.

தொழிலறிவைப் பூட்டி வைத்தலால் சிலர் செல்வராவர். அறிவைப் பரப்புதலால் எல்லாரும் நிமிர்ந்து நிற்பர். முன்னது அக்கழகத்தார் கொண்ட வழி. பின்னது மக்வயர் கொண்ட வழி. காலத்தின் விளையாட்டால், அவர் தம் பத்திரிகையையும் சங்க அலுவலகத்தையும் பல்லாண்டு நடத்தியதும் அதே பிலடெல்பியா நகரிலேயாம்.

பத்திரிகை பிறந்தது, சங்கம் பிறந்தது

1870-ஆம் ஆண்டுகளின் இறுதியில் மக்வயர் மிசௌரி நாட்டுச் செயிண்ட் லூயி நகரிற் குடியேறினார். 1881-ஆம் ஆண்டு இளவேனிலில் அந்நகரத் தச்சர் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தஞ் செய்து வெற்றி பெற்றனர். வெற்றியால் மகிழ்ந்தாரேனும் மக்வயர் ஒன்றை உணர்ந்தார். இந்நகரிற் கூலி உயர்ந்ததென்று கேள்வியுறின் பிற நகரத் தச்சர் கூட்டங் கூட்டமாக வந்து சேர்வர். வந்த கூட்டத்தால் உயர்ந்த கூலி மீண்டும் தாழும். ஆதலின் நாடெங்குமுள்ள தச்சர் ஒருமித்தாலன்றி ஒரூர் வெற்றி நிலையாது. நாடளாவிய தச்சர் சங்கங்கள் அதற்கு முன்னும் தோன்றியதுண்டு; அவை வேரூன்றாது மறைந்தன. ஒருவரையொருவர் அறியாதாரை முன்னதாக மாநாட்டிற்கு அழைத்து என் பயன்?

அதனால் அவர் முதலில் பத்திரிகையைத் தொடங்கினார். 1881-ஆம் ஆண்டு மே மாதத்தில் “தச்சன்” எனப் பொருள்படும் “கார்ப்பெண்டர்” என்னும் பெயரோடு அத்தாள் வெளிவந்தது. ஆங்காங்கிருந்த தச்சர் குழுக்களுக்கெல்லாம் அதனை அனுப்பினார். மறுமொழிகள் வந்தன. மூன்று மாதத்திற்குள், அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில், சிகாகோ நகரில் 11 நகரங்களிலிருந்து 36 பிரதிநிதிகள் கூடினர். அவர்கள் சார்பாக நின்ற தச்சர் 2,042 பேர். அங்கே அமெரிக்கத் தச்சர் சகோதர சங்கம் நிறுவப்பட்டது. வாஷிங்டன் நகரத்துக் கேபிரியல் எட்மன்ஸ்டன் தலைவரானார். இருபத்தொன்பது வயதினராகிய மக்வயர் பொதுக் காரியதரிசியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பத்திரிகையும் சங்கத்தின் உடைமையாகி, அதன் ஆசிரியப் பொறுப்பும் அவரிடமே நின்றது. அடுத்த இருபது ஆண்டுகள் அவர் இவ்விரு பதவிகளையும் வகித்தார்.

பத்திரிகையின் உள்ளீடு

அத்தாளிற் காணப்பட்டவை எவையென நம் அன்பர்கள் அறிய விரும்புவர். வீண் புகழுரைகளுக்கு அதில் இடம் குறைவு. எந்நகரில் வேலை மந்தமாயுள்ளது, எந்நகரில் வேலைநிறுத்தம் நடைபெறுகின்றது, ஆதலால் எந்நகர்க்குப் பிற தச்சர் செல்லாதிருத்தல் வேண்டும் என்னும் அறிவிப்புக்கள் தொடர்ந்து வெளிவந்தன. புகைவண்டிச் சத்தத்தைக் கடன் வாங்கி ஆயிரங் கல் தொலைவு சென்று வேலையின்றித் திரும்பும் துன்பத்தினின்று எத்தனையோ குடும்பங்களை இவ்வறிவிப்புக்கள் காத்திருக்கும். கிளைச் சங்கங்களின் கடிதங்களும் வெளிவந்தன. தொழில் கற்பிக்கும் கட்டுரைகளும் இடம்பெற்றன.

சங்கம் உறுப்பினர்க்கு நோய்க்காலத்திலும் இறப்புக் காலத்திலும் உதவி வழங்கிற்று. ஆபத்தான சாரங்களில் ஏறி நிற்கும் தொழிலாளர்க்கு அவ்வுதவி எத்தகைய ஆறுதல் என்பதைக் கூறவும் வேண்டுமோ! யார் யார் குடும்பத்திற்கு எவ்வளவு வழங்கப்பட்டது, எந்தக் கிளை எவ்வளவு பணம் செலுத்திற்று என்னும் கணக்குப் பத்திரிகையிலேயே அச்சாயிற்று. செப்புக்காசு செப்புக்காசாகச் சந்தா செலுத்திய ஏழைத் தச்சன், தன் பணம் எங்கே சென்றதெனத் தன் வீட்டிலிருந்தே படித்தறிந்தான்.

அந்நாட்டில் தச்சுத் தொழில் ஓரினத்தார்க்கே உரியதன்று. அயர்லாந்தார், ஜெர்மானியர், கனடாவிலிருந்து வந்த பிரெஞ்சு மொழியினர், தென்னாட்டுக் கறுப்பினத்தார் எனப் பலரும் அத்தொழில் செய்தனர். ஆங்கிலம் படிக்க அறியாத ஜெர்மானியத் தச்சர்க்காகப் பத்திரிகையில் ஜெர்மன் மொழிப் பக்கங்களும் சேர்க்கப்பட்டன. தொழிலால் உறவினரானோர்க்கு மொழி தடையாதல் கூடாதென்பது ஆசிரியர் கருத்து.

இத்தனையும் நடத்தியவர் பெரும்பாலும் ஒருவரே. சங்கத் தலைவர்கள் அடிக்கடி மாறினர். அவர்கள் தத்தம் ஊரில் தம் தொழிலைச் செய்துகொண்டே தலைமை தாங்கினர். முழுநேரமும் சங்கத்திற்கென்றே உழைத்தவர் காரியதரிசி ஒருவரே. பத்திரிகைக்கு எழுதுதல், அச்சுப் பிழை திருத்துதல், கிளைகளோடு கடிதப் போக்குவரத்து, பண வரவைப் பதிதல், ஊரூராகச் சென்று பேசுதல் என்னும் அனைத்தும் அவர் தலைமேல் இருந்தன.

எட்டு மணி நேர உழைப்பும் தொழிலாளர் திருநாளும்

நாளொன்றுக்குப் பத்து மணியும் அதற்கு மேலும் உழைத்த காலத்தில், எட்டு மணி நேரமே போதும் என்னும் கிளர்ச்சி எழுந்தது. 1886-ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாளிலிருந்து எட்டு மணி நேரமே ஒரு நாள் வேலையாகக் கொள்ளப்படல் வேண்டுமென்று 1884-ஆம் ஆண்டில் சிகாகோவிற் கூடிய தொழிற்சங்கக் கூட்டிணைப்பு மாநாட்டில் தீர்மானங் கொணர்ந்தவர், தச்சர் சங்கத்து முதல் தலைவராகிய எட்மன்ஸ்டனே. மே நாளின் தோற்றத்தில் தச்சர்க்கு இத்தகைய பங்குண்டு என்பதை நம்மவர் பலர் அறியார். அவ்வாண்டுக் கிளர்ச்சியாற் சங்கத்தின் தொகை பல மடங்கு பெருகிற்று.

1886-ஆம் ஆண்டு டிசம்பரில் பல தொழிலார் சங்கங்களும் ஒன்றுகூடி அமெரிக்கத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவின. காம்பர்ஸ் தலைவராகவும் மக்வயர் காரியதரிசியாகவும் ஆயினர். 1890-ஆம் ஆண்டில் எட்டு மணி நேரப் போராட்டத்தை முன்னின்று நடத்தும் பொறுப்பைச் சம்மேளனம் தச்சர் சங்கத்திற்கே அளித்தது. ஒழுங்கும் பொருளும் செய்தித் தொடர்பும் உடைய சங்கம் அதுவே என்பது கருதியே அங்ஙனம் அளித்தது. பல நகரங்களில் எட்டு மணி நேரம் கிடைத்தது; அது கிடையாத இடங்கள் பலவற்றிலும் பத்து மணி ஒன்பதாகக் குறைந்தது. அவ்வாண்டு தச்சர் சங்கத்தில் ஐம்பதாயிரத்திற்கு மேற்பட்டோர் இருந்தனர்.

செப்டம்பர் மாதத்து முதல் திங்கட்கிழமையை அமெரிக்கர் தொழிலாளர் திருநாளாகக் கொண்டாடுகின்றனர். நியூயார்க் நகரில் 1882-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் அத்திருநாளின் முதல் ஊர்வலம் நிகழ்ந்தது. 1894-ஆம் ஆண்டில் அரசாங்கம் அதனை நாடு முழுதிற்கும் உரிய விடுமுறையாக்கிற்று. இத்திருநாளை முதலில் முன்மொழிந்தவர் நம் மக்வயரே என்று தச்சர் சங்கத்தார் கூறுவர். மாத்யூ மக்வயர் என்னும் பெயருடைய பொறித்தொழிலாளர் ஒருவரே என்று வேறு சிலர் கூறுவர். பெயரொற்றுமையால் விளைந்த இவ்வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. எவர் முன்மொழிந்தாராயினும், உழைப்பாளர்க்கென ஒரு நாள் வேண்டுமென்னும் எண்ணம் கருவி பிடித்த கையினின்றே பிறந்தது என்பதில் ஐயமில்லை.

தளர்ச்சியும் வீழ்ச்சியும்

1893-ஆம் ஆண்டில் மீண்டும் ஒரு பொருள் நெருக்கடி வந்தது. கட்டட வேலைகள் நின்றன. இரண்டே ஆண்டுகளில் தச்சர் சங்கத்து உறுப்பினர் தொகை ஏறக்குறையப் பாதியாயிற்று. சந்தா வரவு சுருங்கியது. உதவி கேட்போர் தொகை பெருகியது. அலைந்து திரிந்த உழைப்பினால் மக்வயரின் உடல் நைந்தது. நோயும், நோவை மறக்க மேற்கொண்ட மதுப் பழக்கமும் அவரைப் பற்றின. ஆயினும் அவர் பொறுப்பெதனையும் பிறர்க்குப் பகிர்ந்தளித்தாரில்லை. இது அவர் குறை. பகிர்ந்து கொள்ள எவரும் முன்வந்து நின்றாருமில்லை. இது சங்கத்தார் குறை.

நூற்றாண்டின் இறுதியில் சங்கம் மீண்டும் வளர்ந்து அறுபதாயிரத்தைக் கடந்தது. வளர்ந்த சங்கத்தில் புதியதொரு தலைமுறை தோன்றிற்று. அவர்கள் தொழிலாளர் எல்லாரையும் பற்றிய பெரிய கனவுகளினும், தத்தம் நகரத்து ஒப்பந்தங்களைக் காப்பதிலேயே கண்ணாயிருந்தனர். சம்பளம் பெறும் தலைவரே அதிகாரஞ் செலுத்தல் வேண்டுமென்றும் கருதினர். கிளைகளுக்கே பேரதிகாரம் இருத்தல் வேண்டுமென்பது மக்வயர் கொள்கை. இருசாரார்க்கும் முரண் முற்றிய வேளையில், சங்கக் கணக்கில் ஒரு பெருந்தொகை குறைவது கண்டுபிடிக்கப்பட்டது. 1901-ஆம் ஆண்டில், தலைவராயிருந்த வில்லியம் ஹ்யூபரும் நிருவாகக் குழுவினரும் மக்வயரைப் பதவியினின்று நிறுத்தி வைத்தனர். பணத்தைக் கையாடினார் என்னும் பழி அவர்மேற் சுமத்தப்பட்டது. 1902-ஆம் ஆண்டு அட்லாண்டா நகரில் கூடிய மாநாட்டோடு அவர்க்கும் சங்கத்திற்கும் இருந்த தொடர்பு அற்றது. பிராங்க் டஃபி என்பார் அவரிடத்தைப் பெற்று, நாற்பதாண்டிற்கு மேல் காரியதரிசியாயிருந்தார்.

மக்வயர் பணத்தைத் தமக்கென எடுத்துக் கொண்டாரா? அவர் வரலாற்றை ஆராய்ந்தோர் பலர் அங்ஙனம் கருதுகின்றிலர். நோயாளியாகி, கணக்கை ஒழுங்காக எழுதாது, பல காரியங்களையும் ஒருங்கே சுமந்து தடுமாறியதன் விளைவே அக்குறைவு என்பர். அவர் செல்வராக வாழவில்லை, செல்வராக இறக்கவுமில்லை. எனினும் பொதுப்பணம் பொதுப்பணமே. ஒவ்வொரு கிளையின் செப்புக்காசுக்கும் பத்திரிகையிற் கணக்குக் காட்டும் வழக்கத்தை வளர்த்தவர், தம் கைக்கணக்கில் வழுவினாரென்பது மறுக்கவொண்ணாதது. அவர் நட்ட மரத்தின் நிழலே அவரைச் சுட்டது எனலாம்.

டெலவேர் ஆற்றின் மறுகரையில், பிலடெல்பியாவுக்கு எதிரிலுள்ள காம்டன் என்னும் ஊரில் அவர் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தார். 1906-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள், 53 வயதில், அவர் உயிர் நீத்தார். கலிபோர்னியாவிலுள்ள ஒரு கிளையார்க்குத் தம் உதவி வேண்டும், உடனே புறப்படல் வேண்டும் என்று நோயின் மயக்கத்திலும் பிதற்றிக் கொண்டிருந்தார் எனத் தச்சர் சங்கத்தார் தம் வரலாற்றிற் சொல்லி வருகின்றனர். தம்மை நீக்கிய சங்கத்தின் நினைவே இறுதி வேளையிலும் அவர் நெஞ்சில் நின்றது போலும்.

ஆண்டுகள் சென்றன. அவர் பகைவரும் மறைந்தனர். இலட்சக்கணக்கான உறுப்பினரைக் கொண்டதாக வளர்ந்த அச்சங்கம், தன் முதற் காரியதரிசியை மறந்தமை தகாதெனத் தெளிந்தது. அவர் உடல் அடங்கிய பென்சாக்கன் என்னுமிடத்துக் கல்லறைத் தோட்டத்தில் அவர்க்கு நினைவுச் சின்னம் எழுப்பிற்று. அவர் தொடங்கிய பத்திரிகையோ அவர் மறைந்த பின்னும் நெடுங்காலம் தச்சர் வீடுகளுக்குச் சென்று கொண்டேயிருந்தது.

நாம் கொள்ளத்தக்கவை

அன்பர்களே, இவ்வரலாற்றினின்று நாம் கொள்ளத்தக்கவை மூன்று. முதலாவது, பத்திரிகை என்பது சங்கத்திற்கு ஆபரணமன்று. அது சங்கத்தின் நாடி. மாதத்தாளைப் படியாது சந்தா மட்டும் செலுத்துவோர், வைத்தியரை வீட்டிற்கு அழைத்து வந்து கையை நீட்டாதிருப்போரை ஒப்பர். தாம் அறிந்த தொழில் நுட்பத்தைத் தம்முள்ளேயே பூட்டி வைப்போர், 1786-ஆம் ஆண்டு விலைப் புத்தகத்தைப் போற்றியவரை ஒப்பர். அந்நுட்பத்தை எழுதி அனுப்பினால் இளைஞர் நூறுபேர் பிழைப்பர்.

இரண்டாவது, எத்துணை உத்தமராயினும் ஒருவர் கையிலேயே பேனாவும் பெட்டிச்சாவியும் இருத்தல் ஆகாது. தணிக்கை என்பது ஐயப்பாட்டின் அறிகுறியன்று; உழைப்பவரைப் பழியினின்று காக்கும் கவசம். மக்வயரின் கணக்கை ஆண்டுதோறும் வேறிருவர் அமர்ந்து கண்டிப்பாகப் பார்த்திருந்தால், சங்கத்துப் பணமும் தப்பியிருக்கும். அப்பெரியார் பெயரும் தப்பியிருக்கும். மூலைமட்டம் வைத்துப் பார்த்தலை எந்தத் தச்சரும் தம் கைத்திறனுக்கு இழுக்காகக் கருதுவதில்லை. பலகையை இழைத்தவர் எவராயினும் மட்டம் வைத்தே பொருத்துகின்றோம். பொதுக் காரியத்திலும் அங்ஙனமே செய்தல் முறை.

மூன்றாவது, இருபது ஆண்டு உழைத்தவரிடம் ஒரு குறை கண்டவிடத்து, அக்குறையை மூடுதலும் பிழை. குறையொன்றையே கண்டு உழைப்பை மறத்தலும் பிழை. அமெரிக்கத் தச்சர் அவர் குறையை முதலிற் கண்டனர்; நிறையை நெடுநாட் கழிந்தே கண்டனர். உயிரோடிருக்கும்போது அவர் அருகிலமர்ந்து சுமையைப் பகிர்ந்து கொண்டிருந்தால், இறந்தபின் கல் நாட்டிப் பாராட்ட வேண்டிய கடன் இத்துணைப் பெரிதாயிராது. நம்மிடையே அல்லும் பகலும் பொதுப்பணி செய்வோர் எவரேனும் உளராயின், அவர் தளர்ந்து வீழுமுன் சென்று, எப்பணியை நாம் ஏற்றுக் கொள்ளலாமென்று கேட்போமாக. அதுவே மக்வயர் போன்ற பெரியார்க்கு நாம் செய்யும் உண்மையான வணக்கமாகும்.